தாராக் கூடும் இருட்பகையும்

மாலைப் பொழுதைப் பாடாத புலவர் தமிழில் அரியர். பிரிந்தார்க்கு அது நோய் தரும் பொழுது. ஆயர்க்கு அது கன்றை நினைந்து ஆனிரை மீளும் பொழுது. மனையில் வாழும் சிறு பறவைக்கோ அது அஞ்சும் பொழுது. இம்மூன்றாவது மாலையையும் நம் முன்னோர் கூர்ந்து நோக்கிப் பாடியிருக்கின்றனர்.

குறுந்தொகையின் 139ஆம் செய்யுள் ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கும் அப்பாட்டில் உவமையாக வந்து நிற்பது ஒரு வீட்டு முற்றம். பொழுது சாய்கின்றது, வேலியண்டையில் வெருகு, அஃதாவது காட்டுப் பூனை, வந்துவிட்டது. எங்கே புகுவது என்றறியாத குஞ்சுகள் ஒன்றையொன்று நெருக்கித் திரண்டு நிற்க, தாய்க்கோழி பதறிப் பதறி அவற்றை அழைக்கின்றது. தங்கால் பொற்கொல்லனார் பாடிய புறநானூற்று 326ஆம் செய்யுளிலும் இதே வெருகு ஊர் வேலியோரமாக நடக்கின்றது. அதைக் கண்டு மருண்டு கத்தும் இளங்கோழி, இரவில் பஞ்சோடு உழைக்கும் பெண்ணொருத்தியின் சிறு விளக்கொளியில் தன் சேவலைக் கண்ட பின்னரே நடுக்கம் தணிகின்றது. குறுந்தொகை 107ஆம் செய்யுளில் மதுரைக் கண்ணனாரின் தலைவி, தன் இன்றுயிலைக் கூவிக் கலைத்த சேவலை வெருகுக்கு இரையாகுமாறு சபிக்கின்றாள். வேறு வேறு புலவர் மூவர். அவர்கள் அறிந்த பகை ஒன்றே.

இவற்றை வகுப்பறையில் உவமை என்று சொல்லி, பொருள்கோள் காட்டி, மெய்ப்பாடு கூறி முடித்துவிடுகின்றோம். அது தவறன்று. எனினும் அப்புலவர்கள் முற்றத்தை அறிந்து பாடினர் என்பதையும் மாணாக்கர்க்குச் சொல்லுதல் வேண்டும். பகை வரும் பொழுது மாலை, பகை வரும் வழி வேலி, காவலுக்கு உரியவை அழைக்கும் குரலும் ஒரு சிறு விளக்கும் ஆகிய இத்தனையும் அச்செய்யுள்களுக்குள் கிடக்கின்றன. கோழிக்குச் சொன்ன இவை எங்கள் நாட்டுத் தாராவுக்கு இன்னும் மிகப் பொருந்தும் என்பதே யான் ஈண்டு கூற எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழகத்தார் வாத்து என்பதை ஈழத்தவராகிய நாம் தாரா என்போம். மலையாள நாட்டாரும் தாறாவு என்றே வழங்குவர். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கலப்பது. அதன் கீழ்க்கரை எழுவான்கரை, மேற்கரை படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு கரைக்குப் பெயரிட்ட மக்கள் பொழுதறிந்த மக்கள் அல்லரோ! வாவியோரத்துச் சேறும், வயலோரத்து வாய்க்காலும், நத்தையும், புழுவும், சிந்திய நெல்லும் தாராவுக்கு இயல்பான உணவாகும். கோழிக்குச் செய்யும் செலவிற் குறைந்த செலவோடு வளரும் பறவை இது. அதன் முட்டையோ கோழி முட்டையினும் பெரியது.

படுவான்கரையிற் பல குடும்பங்கள் போரினால் இடம்பெயர்ந்து, 2007ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் ஊர் மீண்டவை. பெண்களே தலைமை தாங்கும் வீடுகள் அவற்றுள் பல. அத்தகைய வீட்டிற் கொல்லைப்புறத்துப் பறவைகள் ஒரு சிறு வங்கிக்கு நிகரானவை. முட்டை விற்ற பணம் கொப்பியாகும், பேனாவாகும், மழைக்காலத்து மருந்தாகும். அந்த வங்கியைக் கொள்ளையடிக்கும் கள்வர் இரவில் வருகின்றனர்.

குறுந்தொகைச் செய்யுளை யான் பாடஞ்சொன்ன ஒருநாள், படுவான்கரையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், வெருகெண்டா மரநாயா?” என்று கேட்டாள். மரநாய் வேறு, வெருகு பூனையினம் என்று விளக்கினேன். அவள் அமரவில்லை. “எங்கட கூட்டில கிடந்த ஒம்பது தாராவையும் ஒரே ராவில கடிச்சுப் போட்டுது சேர். திண்டது ஒண்டுதான். மற்ற எட்டையும் ஏன் கொல்லோணும்?” என்றாள். வகுப்பு சிரிக்கவில்லை, அவர்களுட் பலர் அவ்வாறான விடியலைக் கண்டவர்கள். உரையாசிரியர் எவரும் அக்கேள்விக்கு விடை எழுதி வைக்கவில்லை. ஆயினும் விடை உண்டு.

உயிரியல் அறிஞர் ஹான்ஸ் குரூக் 1972ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி ஆராய்ந்து எழுதினார். இங்கிலாந்தின் கடற்கரையிற் கூட்டமாய்க் கூடுகட்டும் கடற்காக்கைகள் மையிருள் இரவுகளிற் பறந்து தப்பாமல் நிலத்திலேயே இருந்துவிடும். அவ்விரவுகளில் அங்கே புகுந்த நரிகள் தின்னக்கூடிய அளவினும் எத்தனையோ மடங்கு மிகுதியாகக் கொன்றன. வேட்டை விலங்கின் இயற்கை இது: பசி அடங்கினாலும், கண்முன் இரை படபடத்து ஓட வழியின்றி நிற்குமாயின், கொல்லும் முனைப்பு அடங்குவதில்லை. காட்டில் ஓர் இரை பிடிபட்டால் மற்றவை ஓடிவிடும்; ஆகவே அங்கே அம்முனைப்பு மிகையாவதில்லை. அடைத்த கூட்டிலோ ஓட இடமில்லை. ஆகவே அது விலங்கின் வன்மமன்று. உறுதியற்ற கூடு தாராக்களுக்குச் சிறையாகி, பகைக்குப் பந்தியாகின்றது. மாணவிக்கு யான் சொன்ன விடையின் சாரம் இதுவே. கூடு அமைத்தால் நன்கு அமைத்தல் வேண்டும். அரைகுறைக் கூடு கூடில்லாமையினுங் கேடு.

இனி, எவ்வாறு அமைப்பது? இதற்கு வழிகாட்டத் திருவள்ளுவரையே துணைக்கொள்ளலாம். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களை அவர் அரசர்க்கு வகுத்தார். பகலிற் கூகையைக் காக்கை வெல்லும் என்பதும், ஆழ்நீரில் வெல்லும் முதலை நீரை விட்டால் தோற்கும் என்பதும், சேற்றிற் கால் புதைந்த களிற்றை நரி கொல்லும் என்பதும் அங்கே அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள். கூகை, முதலை, நரி ஆகிய இம்மூன்றும் எங்கள் வாவிக்கரையில் இன்றும் உள்ளவை. அரசர்க்கு உரைத்த நீதி தாராக் கூட்டுக்கும் உதவும்.

வலியறிதல்

பகையின் வலி ஒன்றுபோல் மற்றொன்று இராது. நரி தோண்டும், வேலியின் அடியிற் குழி பறித்து நுழையும். மரநாய் ஏறும், மரக்கிளை வழியே கூரைக்கு வந்து கிடுகை நீக்கி இறங்கும். மீன்பிடிப் பூனை கண்டற்காட்டோரத்தில் நீருக்கும் நிலத்துக்கும் இடையே உலவும், நீரை அஞ்சாது. பாம்பு தேடுவது இடுக்கு ஒன்றே: சாரை முட்டையையும் குஞ்சையும் விழுங்கும்; மலைப்பாம்பு வளர்ந்த தாராவையும் விழுங்கும். பெருச்சாளி குஞ்சுகளை இழுத்துச் செல்லும். கட்டாக்காலி நாய் பலத்தால் மோதித் தட்டியைச் சாய்க்கும். தொல்காப்பிய மரபியல் ‘மூங்கா’ என்று குறிக்கும் கீரி பெரும்பாலும் பகற்கள்வன். ஆயினும் விடியலிற் கூடு திறக்கும் வேளையை அதுவும் அறியும்.

வந்தது யார் என்பதை விடிந்தபின் ஒருவாறு உய்த்துணரலாம். இறகு வேலிவரை சிதறிக் கிடக்க, பறவை முழுதாகக் காணாமற் போயிருப்பின் நரியையோ நாயையோ பெரும்பூனையையோ ஐயுறலாம். கழுத்திலும் தலையிலும் கடியுண்டு பல பறவைகள் கூட்டினுள்ளேயே கிடப்பின் மரநாய் போன்ற சிறுவிலங்கை ஐயுறலாம். இறகுமின்றிக் குருதியுமின்றி ஒன்று மறைந்திருப்பின் பாம்பைத் தேடுக. விழுங்கிய வயிற்றோடு அது கூட்டினுள்ளேயே கிடப்பதும் உண்டு. ஈர மணலில் அடிச்சுவடு பார்ப்பது ஊர்ப்பெரியோர் நன்கறிந்த கலை. இளைஞர் அதனை அவர்களிடம் கற்றுக்கொள்ளுதல் நன்று.

பகைவலி அறிந்தாற் போதாது. தன்வலியும் அறிதல் வேண்டும். தாராவின் வலி மிகச் சிறிது. கோழி கிளையேறி உறங்கும். நாட்டுத் தாரா நிலத்திற் படுத்தே உறங்கும். அதன் காலில் முள்ளில்லை, அலகிற் கூரில்லை. இயற்கை அதற்கு அளித்த காவல் ஒன்று உண்டு, அது வியப்புக்குரியது. 1999ஆம் ஆண்டில் ராட்டன்போர்க் என்பாரும் அவர்தம் துணைவரும் அமெரிக்காவிற் காட்டுத் தாராக்களை வரிசையாக உறங்கவிட்டு ஆராய்ந்தனர். நடுவே கிடந்தவை பெரும்பாலும் இருகண்ணும் மூடி உறங்கின. இரு முனைகளிலும் கிடந்தவையோ வெளிப்புறம் நோக்கிய கண்ணைத் திறந்துவைத்து, மூளையின் ஒரு பாதி விழிக்க மறுபாதி உறங்கின. அரை உறக்கத்திலும் காவற்பணி! எனினும் காவலன் விழித்திருந்தும் ஓட வழியில்லையேல் என் செய்வான்? அங்கேதான் மனிதன் கடமை தொடங்குகின்றது.

காலமறிதல்

கோழிக்கும் தாராவுக்கும் தலையாய வேற்றுமை ஒன்றுண்டு. பொழுது சாய்ந்தாற் கோழி தானே கூடடையும். தாராவோ அவ்வாறு கூடு தேடும் என்று நம்பியிருத்தல் இயலாது. இருளிலும் அது நீரில் மேயும். யாரும் ஓட்டாவிடின் வாய்க்காலிலேயே இரவைக் கழிக்கும். மேலும், தாரா முட்டையைக் கோழியின் கீழ் அடைவைப்பது நம் ஊர் வழக்கம். 28 நாளிற் பொரிக்கும் அக்குஞ்சுகளுக்குத் தாய் கரையில் நிற்கும் கோழி, குஞ்சுகளோ நீரில். மாசாத்தியாரின் தாய்க்கோழி எத்துணை அழைத்தாலும் தாராக் குஞ்சு நீரை விட்டு வருதல் அரிது. ஆகவே அந்தத் தாயின் குரல் மனைவிளக்காகிய பெண்ணின் தொண்டையில் எழுதல் வேண்டும். தாராக் காவலின் உயிர்நிலை இது.

அதனை எளிதிற் பழக்கலாம். நாள்தோறும் ஒரே பொழுதில், ஒரே குரலில் அழைத்து, ஒரே தகரத்தைத் தட்டி, கூட்டின் உள்ளே ஒருபிடி தவிடும் நெல்லும் இடுக. சில நாளில் அக்குரல் கேட்டவுடன் அவை வரிசை கட்டி வரும். மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் பொழுது படுவது ஆறு மணியை ஒட்டியே. ஆதலின் ஐந்தரை மணிக்கு அழைப்பது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழையாது. மாரியில் முகில் மூடி முன்கூட்டியே இருளும் நாள்களில் இன்னும் முந்துக. பள்ளி விட்டு வந்த பிள்ளை செய்யத்தக்க வேலை இது. எண்ணி அடைப்பது இன்னும் நன்று. எண்ணாத மந்தையில் ஒன்று குறைந்ததை யாரறிவார்?

காலையிற் கூடு திறக்கவும் காலம் உண்டு. தாரா பெரும்பாலும் பின்னிரவு தொடங்கிக் காலை எட்டு மணிக்குள் முட்டையிடும். விடியுமுன் திறந்துவிட்டால் முட்டை புல்லிலும் புதரிலும் கிடந்து உடும்புக்கும் காகத்துக்கும் விருந்தாகும். விடியலில் உலவும் நரிக்குத் தாராவே விருந்தாகும். எட்டு மணிக்குத் திறப்போர்க்கு உயிர்க்காவலும் முட்டைக்காவலும் ஒருங்கே கிட்டும். காவல் என்பது செலவு என்பாரும் இந்த வரவை எண்ணிப் பார்ப்பாராக.

இடனறிதல்

கூடு வீட்டை ஒட்டியிருத்தல் வேண்டும், வேலியோரத்தில் இருத்தலாகாது. உறங்குவோர் காதுக்குத் தாராவின் கூச்சல் எட்டும் தொலைவே நல்ல தொலைவு. கூரைமேல் மரக்கிளை தொங்குமாயின் வெட்டிவிடுக. மரநாயின் பாலம் அதுவே. ஒரு தாராவுக்கு நான்கு சதுர அடி வீதம் இடம் விடுக. வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் நிற்கும் வளவாயின் தளத்தை உயர்த்தி, ஏறுவதற்குச் சாய்ந்த பலகை வைத்து, கால் வழுக்காமற் குறுக்குச் சட்டம் அடித்தல் வேண்டும். தளத்தில் வைக்கோல் பரப்பி, நனைந்தால் மாற்றுக. காற்று மேற்புறத்தாற் புகுதல் வேண்டும். ஏனெனில் தாராவின் எச்சம் ஈரமிக்கது, காற்றடைத்த கூட்டில் மூச்சைக் கெடுப்பது.

கடையில் விற்கும் அறுகோணக் கண் கோழிவலையைப் பலர் நம்புகின்றனர். அது பறவையை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. நாயும் நரியும் அதனைக் கடித்துக் கிழிக்கும். பாம்பும் எலியும் கண்வழியே நுழையும். அரை அங்குலக் கண்ணுடைய, ஒட்டவைத்த தடித்த கம்பிவலையே தகும். வலைச்சுருள் முழுவதும் வாங்க வசதியில்லாதார் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்துக்கும் காற்று வழிகளுக்கும் மட்டும் அதனை அடித்து, எஞ்சியதை நெருங்கிய பலகையால் அடைக்கலாம். தோண்டும் நரிக்கு மாற்று, அவ்வலையை ஓரடி ஆழம் புதைப்பது; அல்லது கூட்டைச் சுற்றி வெளிப்புறமாக இரண்டடி அகலம் நிலத்திற் படுக்கவைத்துக் கல்லேற்றுவது. சுவரடியில் தோண்டத் தொடங்கும் நரி வலையைக் கண்டு மலைக்கும்; இரண்டடி பின்னால் நின்று தோண்ட வேண்டுமென்று அதற்குத் தோன்றுவதில்லை. கதவுக்குக் கயிறு போதாது. மேலும் கீழுமாக இரு தாழ்ப்பாள் வேண்டும்.

இவ்வறிவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியின் வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, தாரா வளர்க்கும் இடத்துக்குப் பதினைந்தடி உயரச் சுவர் எழுப்பி, மேலே வலை விரித்து, பூனை முதலியன பற்றியேறாதவாறு சுவரை வழவழப்பாகப் பூசுமாறு எழுதிவைத்தார். காவிரிப்படுகை வயல்களிலும் கேரளத்துக் குட்டநாட்டிலும் அறுவடைக்குப்பின் வாத்து மந்தைகளை ஓட்டித் திரிவோர், மாலையில் வலையாலோ தட்டியாலோ வளையமிட்டு அவற்றை உள்ளடைத்து, அருகிலேயே படுத்துக் காப்பர். செல்வர் கட்டியது சுவர். ஏழையர் கட்டியது வளையம். இரண்டிற்கும் உள்ளுறை ஒன்றே: இருளுக்கு முன் அடைப்பு.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். கூட்டருகே மங்கிய ஒளி இருப்பின் தாராக்கள் திடீர் ஓசைக்கு மருண்டு ஒன்றையொன்று மிதிப்பது குறையும். பொற்கொல்லனார் கண்ட விளக்கின் பயன் இதுவே. விளக்கே காவலாகிவிடும் என்று கருதுதல் கூடாது. மினுக்கும் சூரிய விளக்குகளுக்கும் விலங்குகள் நாளடைவிற் பழகிவிடும். விளக்கு துணை, வலையும் தாழுமே காவல்.

இறுதியாக ஒன்று. இழப்பின் சினத்தில் இறைச்சியில் நஞ்சு வைப்பாரும் சுருக்கு வைப்பாரும் உளர். நஞ்சு ஆளறியாது. அயலார் நாயும், வீட்டுப் பூனையும், செத்ததைத் தின்னும் பருந்தும் அதனால் மடியும்; மழைநீரோடு அது வாவிக்கும் செல்லும். சுருக்கும் அத்தன்மையதே. மீன்பிடிப் பூனை நம் நாட்டுச் சட்டத்தாற் காக்கப்படும் விலங்கு. உலகளவிலும் அழிவை நோக்கும் இனமென அறியப்பட்டது. வாவியோரக் கண்டற்காடு குறையக் குறைய, அது நம் கொல்லையை நாடுவது மிகும். வயலெலியைத் தின்று நெல்லைக் காப்பனவும் நரியும் காட்டுப்பூனையும் பாம்புமே. ஒரு நரியைக் கொன்றால் வேறொரு நரி அவ்விடத்துக்கு வரும். கூட்டின் ஓட்டையை அடைத்தாலோ எந்த நரி வந்தும் பயனில்லை. பிடிபட்ட விலங்கை வெறுங்கையாற் தொடுவதும் தீது. நீர்வெறுப்பு நோய் நரியாலும் நாயாலும் பரவும். கடியுண்டார் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடுநீரில் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாசாத்தியாரைப் பாடஞ்சொல்லும் அன்று, மாணாக்கர் தத்தம் வளவிலுள்ள கூட்டை மாலையில் ஒருமுறை சுற்றிப் பார்த்து, ஓட்டை எத்தனை, தாழ் எத்தனை, எண்ணி அடைத்த பறவை எத்தனை என்று எழுதிவரச் செய்க. செய்யுள் அவர்கள் நெஞ்சில் நிற்கும். தாரா கூட்டில் நிற்கும். ஒன்பது தாராக்களை இழந்த அந்த வீட்டிற் பின்னர் ஆறு குஞ்சுகள் வாங்கி, பழைய கட்டிற் சட்டமும் கம்பிவலையும் கொண்டு புதிய கூடு கட்டினர் என்று அம்மாணவி சொன்னாள். மாலையில் அவற்றை அழைப்பது அவளுடைய தம்பியின் வேலையாம். கூட்டைச் சுற்றிக் காலையில் நகச்சுவடு காண்பதுண்டு, ஆறும் இருக்கின்றன.